ஊரணியில் தெளியாத கலங்கலும் ஆய்வகத்தில் திரிந்துபோன கூழ்மமும்

உங்கள் கேள்வியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. காரைக்குடிப் பக்கத்து உங்கள் ஊரில் மழை பெய்து ஊரணி நிறைந்தால் இரண்டு மாதம் ஆனாலும் தண்ணீர் செம்மண் கலங்கலாகவே நிற்கிறது; குடத்தில் எடுத்துப் படிகாரம் போட்டால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் பள்ளி ஆய்வகத்தில் செய்த ஃபெரிக் ஹைட்ராக்சைடு கூழ்மம் முதல் தடவை பளிச்சென்று வந்தது. வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) தீர்ந்துபோன நாளில் போர் தண்ணீரில் செய்தபோது பழுப்புச் சேறாக அடியில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ச் கூழ்மத்திலோ உப்புக் கரைசலை விட்டும் ஒன்றுமே ஆகவில்லை. கடைசியில், "கூழ்மம் நிலையானதா, நிலையற்றதா? புத்தகத்தில் இரண்டும் எழுதியிருக்கிறதே" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்ற மூன்றும் அதன் உதாரணங்கள். "நிலையானது" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு பொருளில் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். களிமண், மணலைப் போலத் தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. பிறகு ஏன் விழவில்லை? விழும் வேகம் துகளின் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஒரு மீட்டர் ஆழத்தைச் சுமார் 2 நிமிடத்தில் கடந்துவிடும். 1 மைக்ரோமீட்டர் களிமண் துகள், தண்ணீர் அசையாமல் இருந்தால், ஒரு நாளைக்கு 8 அல்லது 9 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு மீட்டருக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். 0.1 மைக்ரோமீட்டர் துகளுக்கு அதே ஒரு மீட்டர் மூன்று வருடத்துக்கு மேல். ஊரணியில் காற்று அடிக்கிறது, பகலில் மேல்தண்ணீர் சூடாகி இரவில் குளிர்கிறது, ஆடுமாடு இறங்குகிறது. அந்த மெல்லிய அசைவே மூன்று வருடக் கணக்கை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும். அதற்கும் மேலாக, தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதித் துகளை அலைக்கழிக்கும் பிரௌனியன் இயக்கம் இருக்கிறது. ஆக, துகள் தனித்தனியாக இருக்கும்வரை புவியீர்ப்பு அதை வெல்லாது. நூறு துகள் ஒட்டிக் கட்டியானால் வெல்லும். எனவே "ஏன் விழவில்லை" என்று கேட்பதைவிட "ஏன் ஒட்டவில்லை" என்று கேட்பதுதான் சரி.

கூழ்மம் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள் வேறொரு பொருளில் பரவி நிற்பது. பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1861இல் தாமஸ் கிரகாம் வைத்த பெயர் அது. திண்மம் நீர்மத்தில் பரவினால் அதைச் 'சால்' என்கிறோம். நீர்மம் நீர்மத்தில் பரவினால் பால்மம். சால் உறைந்து வலைப்பின்னலாகிவிட்டால் களி. இந்தப் பட்டியலைப் பரீட்சைக்குப் படித்துக்கொள்ளட்டும், நிலைத்தன்மைக்கு அது அதிகம் உதவாது. உதவும் பிரிவு ஒன்றுதான்: கரைப்பானை விரும்பும் கூழ்மம், கரைப்பானை வெறுக்கும் கூழ்மம். லையோஃபிலிக், லையோஃபோபிக் என்று வகுப்பில் சொல்வது. ஸ்டார்ச், ஜெலட்டின், பிசின், முட்டை வெள்ளைக்கரு முதல் வகை. தங்கம், வெள்ளி, கந்தகம், ஆர்சனிக் சல்ஃபைடு, ஃபெரிக் ஹைட்ராக்சைடு இரண்டாம் வகை. களிமண்ணைத் தண்ணீர் நனைக்கும், சிலவகைக் களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பவும் செய்யும். ஆனாலும் உப்புக்கு அது நடந்துகொள்ளும் விதம் இரண்டாம் வகையைப் போன்றது.

முதல் வகையில் துகளும் தண்ணீரும் சேர்ந்திருப்பதே ஆற்றல் கணக்கில் லாபம். ஸ்டார்ச் சங்கிலியில் வரிசையாக இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன. பிரிந்து போக அதற்குக் காரணம் இல்லை. உலர்த்திவிட்டுத் திரும்பத் தண்ணீர் விட்டாலும் பிசின் மறுபடி கரைந்து கூழ்மமாகிறது. இது உண்மையான நிலைத்தன்மை. இரண்டாம் வகையில் கதை தலைகீழ். துகள்கள் ஒட்டிக்கொள்வதுதான் ஆற்றல் கணக்கில் லாபம்; வழியில் ஒரு மேடு குறுக்கே நிற்பதால் மட்டும் ஒட்டாமல் இருக்கின்றன. அந்த மேடு உயரமாக இருந்தால் நாள்கணக்கு, வருடக்கணக்கு என்று நிற்கும். ஃபாரடே 1850களில் தயாரித்த சிவப்புத் தங்கக் கூழ்மம் லண்டன் ராயல் நிறுவனத்தில் இன்றும் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்றாலும் அது தள்ளிப்போடப்பட்ட வீழ்ச்சிதான். மேட்டைக் குறைத்தால் நொடியில் முடிந்துவிடும்: மேடே இல்லாவிட்டால், ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடி துகள் உள்ள கூழ்மத்தில் சுமார் 2 நொடியில் துகள் எண்ணிக்கை பாதியாகும் என்பது ஸ்மொலுகோவ்ஸ்கியின் கணக்கு. புத்தகத்தில் ஒரு பக்கம் "நிலையானது", இன்னொரு பக்கம் "நிலையற்றது" என்று இருப்பது இதனால்தான். முதல் வகையைப் பற்றிப் பேசும்போது ஆற்றலைச் சொல்கிறார்கள், இரண்டாம் வகையில் வேகத்தைச் சொல்கிறார்கள்.

அந்த மேடு என்ன? துகளின் பரப்பில் ஒரு மின்சுமை ஒட்டியிருக்கிறது. அதைச் சமன்செய்ய அதற்கு எதிரான சுமையுள்ள அயனிகள் சுற்றிலும் மேகம் போலச் சூழ்ந்திருக்கின்றன. இதுதான் மின் இரட்டை அடுக்கு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தொடங்கி வைத்ததை 1910இல் கோய், 1913இல் சாப்மன், 1924இல் ஸ்டெர்ன் திருத்தினார்கள். உங்கள் ஊருக்கு அருகிலேயே, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே மின்முனைக்கும் கரைசலுக்கும் இடையில் ஆராயப்படுவதும் இதே இரட்டை அடுக்குதான். மகளிடம் இதைச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தின் கூழ்ம அத்தியாயமும் பேட்டரி, துருப்பிடித்தல் ஆராய்ச்சியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது அவருக்குப் பிடித்துப்போகலாம்.

இரண்டு துகள் நெருங்கும்போது முதலில் இந்த அயனி மேகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விலக்குகின்றன. அதைத் தாண்டி மிக அருகில் வந்துவிட்டால் வான் டெர் வால்ஸ் கவர்ச்சி பிடித்துக்கொள்கிறது, பிறகு விடாது. விலக்கையும் கவர்ச்சியையும் கூட்டிப் பார்த்தால் நடுவில் மேடு தெரியும். டெரியாகின், லாண்டாவ் 1941இலும், வெர்வே, ஓவர்பீக் 1948இலும் தனித்தனியாகச் செய்த கணக்கு இது, டி.எல்.வி.ஓ. கோட்பாடு என்று பெயர். வெப்ப அசைவின் ஆற்றலைப்போல 15, 20 மடங்கு உயரம் மேட்டுக்கு இருந்தால் கூழ்மம் மாதக்கணக்கில் தாங்கும். உப்பு என்ன செய்கிறது என்றால், அயனி மேகத்தைச் சுருக்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிமோல் சோடியம் குளோரைடில் மேகத்தின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். 100 மில்லிமோலில் அது 1 நானோமீட்டர்தான். விலக்கு தொடங்கும் முன்பே கவர்ச்சிக்கு எட்டும் தூரத்தில் துகள்கள் வந்துவிடுகின்றன.

இப்போது உங்கள் மகளின் சோதனைக்கு வருகிறேன். செய்முறை எளிது: 2 கிராம் ஃபெரிக் குளோரைடை 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். 250 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையில் 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, அதில் இந்தக் கரைசலில் 10 மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். மஞ்சள் நிறம் போய் ஆழ்ந்த செம்பழுப்பு வரும். ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக வாலை வடிநீரையே ஊற்ற வேண்டும். கொதி அடங்கும்படி மொத்தமாக ஊற்றினால் நீராற்பகுப்பு (தண்ணீர் ஃபெரிக் குளோரைடைப் பிரித்து ஹைட்ராக்சைடாக்குவது) முழுதாக நடக்காது. பாதி ஃபெரிக் குளோரைடு அப்படியே மஞ்சளாக நின்றுவிடும். வந்தது கூழ்மம்தானா என்று பார்க்க லேசர் விளக்கு போதும்: ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஒளிக்கற்றையின் பாதை தெரியாது, கூழ்மத்தில் பளிச்சென்று தெரியும். வடிகட்டாத குழாய்த் தண்ணீரில் தூசியாலேயே பாதை தெரியும், அதனால் ஒப்பிடும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும்.

போர் தண்ணீரில் ஏன் கெட்டது? இரண்டு காரணங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. முதலாவது பைகார்பனேட். இந்தக் கூழ்மத் துகள் நேர்மின்சுமை உள்ளது. அமிலத் தன்மையில் அந்தச் சுமை நன்றாக இருக்கும், பி.எச். 7 முதல் 9 வரையிலான பகுதியில் எங்கோ சுமை பூச்சியத்துக்கு வந்துவிடும். முதல் சில சொட்டுகள் விழும்போது குடுவையில் இருப்பது கொஞ்சம் காரத்தன்மையுள்ள போர் தண்ணீர். அந்த இடத்திலேயே சுமையில்லாத துகள் பிறந்து கட்டியாகிறது. அதன்மேல் பின்னால் வருவதும் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது சல்ஃபேட். இந்தக் கூழ்மத்தைத் திரிய வைக்கப் பொட்டாசியம் சல்ஃபேட் லிட்டருக்கு சுமார் 0.2 மில்லிமோல் போதும் என்பது பாடநூல்கள் தரும் மதிப்பு. அதை எடையாக்கினால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சல்ஃபேட். குடிநீரில் ஏற்கத்தக்க அளவாக இந்தியத் தரநிர்ணயம் வைத்திருப்பதே 200 மில்லிகிராம். அதாவது குடிக்க நல்ல தண்ணீரே இந்தக் கூழ்மத்துக்குப் பத்து மடங்கு ஆபத்தாக இருக்கலாம். வாலை வடிநீர் இல்லையென்றால் நல்ல மழையில், முதல் அரை மணியை விட்டுவிட்டு, திறந்த வெளியில் கழுவிய பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீர் பெரும்பாலும் போதும். வளவுக்குள் ஓட்டுக்கூரை வழியாக இறங்கும் தண்ணீர் வேண்டாம். ஓட்டுத் தூசியும் சுண்ணாம்பும் கரைந்து வரும்.

முதல் தடவை நன்றாக வந்த கூழ்மமும் நாளாக நாளாக மங்கினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. 0.2 கிராம் ஃபெரிக் குளோரைடு (நீரேறிய உப்பு) முழுவதும் நீராற்பகுந்தால் அந்தக் குடுவையில் லிட்டருக்கு 20 மில்லிமோல் கணக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அமிலம் இங்கே இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது: ஹைட்ரஜன் அயனி துகளுக்குச் சுமை தருகிறது, குளோரைடு அயனி மேகத்தைச் சுருக்குகிறது. அதனால்தான் கூழ்மப் பிரிப்பு (டயாலிசிஸ்) செய்து கரைந்த அயனிகளை வெளியேற்றச் சொல்கிறார்கள். செல்லோஃபேன் அல்லது பார்ச்மென்ட் பையில் கூழ்மத்தை ஊற்றி, வாலை வடிநீருக்குள் தொங்கவிட்டு, தண்ணீரை மணிக்கு ஒருமுறை மாற்றி, வெளித்தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் லேசான வெண்மைக்கு மேல் வராத நிலையில் நிறுத்த வேண்டும். இதில் பலருக்குத் தவறுவது தாள்தான். கடைகளில் பரிசுப் பொருள் சுற்றத் தரும் பளபளப்புத் தாளைச் செல்லோஃபேன் என்றே சொல்வார்கள். இப்போது கிடைப்பதில் பெரும்பாலானது பாலிபுரொப்பிலீன். அது தண்ணீரையும் அயனியையும் விடவே விடாது, இரண்டு நாள் வைத்தாலும் வெள்ளி நைட்ரேட் சோதனையில் ஒன்றும் தெரியாது, "குளோரைடு போய்விட்டது" என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். சின்னத் துண்டை ஈரமாக்கிப் பாருங்கள்: தண்ணீரில் நனைந்து துவண்டால் செல்லோஃபேன், அப்படியே விறைப்பாக இருந்தால் பிளாஸ்டிக். இன்னொரு பக்கம், கூழ்மப் பிரிப்பை விடாமல் செய்துகொண்டே போனாலும் கெட்டுவிடும். துகளுக்குச் சுமை தந்த அயனியும் கடைசியில் வெளியேறிவிடும், கூழ்மம் தானாகத் திரியும். குளோரைடில் கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்லது.

உப்புகளில் எது வலியது என்ற கேள்விக்கு ஷூல்ஸ் 1882இலும் ஹார்டி 1900இலும் விடை சொல்லிவிட்டார்கள்: துகளின் சுமைக்கு எதிரான சுமையுள்ள அயனிதான் வேலை செய்கிறது, அதன் இணைதிறன் (அயனி சுமக்கும் சுமையின் எண்ணிக்கை) கூடக் கூட வலிமை பலமடங்கு ஏறுகிறது. நேர்ச்சுமையுள்ள ஃபெரிக் ஹைட்ராக்சைடைத் திரிய வைக்க சோடியம் குளோரைடு லிட்டருக்கு 9 மில்லிமோலுக்கு மேல் வேண்டும், பொட்டாசியம் சல்ஃபேட் 0.2 போதும். எதிர்ச்சுமையுள்ள (அதாவது மைனஸ் சுமையுள்ள) ஆர்சனிக் சல்ஃபைடுக்குச் சோடியம் குளோரைடு 51, கால்சியம் குளோரைடு 0.65, அலுமினியம் குளோரைடு 0.093 மில்லிமோல். (ஆர்சனிக் சல்ஃபைடைப் பள்ளியில் செய்யவே வேண்டாம், நஞ்சு, அதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் வேண்டும்.) ஃபெரிக் ஹைட்ராக்சைடில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கூழ்மப் பிரிப்பு முடித்த கூழ்மத்தை 10 மில்லிலிட்டர் வீதம் சோதனைக் குழாய்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 0.01 மோலார் பொட்டாசியம் சல்ஃபேட் 4 சொட்டு, இன்னொன்றில் 0.5 மோலார் சோடியம் குளோரைடு 4 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தால் இரண்டுமே ஏறத்தாழ எல்லைக்கோட்டில் நிற்கும். ஐம்பது மடங்கு நீர்த்த சல்ஃபேட் அதே வேலையைச் செய்கிறது. கூட்டிக் குறைத்து 2, 4, 6, 8 சொட்டு என்று வரிசையாக வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். திரிதல் மதிப்பு என்று அட்டவணையில் வருவது அந்த இரண்டு மணி நேரக் கணக்குதான். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் பார்த்தால் மதிப்பு கூடுதலாக வரும். சமையல் கல்லுப்பைப் பயன்படுத்த வேண்டாம். கடல் உப்பில் சல்ஃபேட்டும் மெக்னீசியமும் கலந்திருக்கும், சோடியம் குளோரைடு இவ்வளவு வலியதா என்று ஏமாந்துபோவீர்கள்.

ஸ்டார்ச் ஏன் அசையவில்லை என்பது இப்போது பாதி புரிந்திருக்கும். அதற்கு மின்சுமை இரண்டாம் பட்சம். சுற்றியிருக்கும் தண்ணீர் உறைதான் காவல். நான்கு சொட்டு உப்பு அந்த உறையைத் தொடக்கூட முடியாது. அதை உரிக்க வேண்டுமானால் தண்ணீரையே பிடுங்கும் அளவுக்கு உப்பு வேண்டும். புரதங்களை அம்மோனியம் சல்ஃபேட்டால் வெளியேற்றுவது அப்படித்தான். எந்த உப்பு எவ்வளவு பிடுங்கும் என்று ஹோஃப்மைஸ்டர் 1888இல் முட்டை வெள்ளைக்கருவை வைத்து வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் இணைதிறன் மட்டும் பேசுவதில்லை, அயனி தண்ணீரை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பதும் பேசுகிறது. ஆல்கஹால் விட்டாலும் ஸ்டார்ச் வெளியே வரும், அதுவும் தண்ணீரைப் பிடுங்குகிறது. ஸ்டார்ச் கூழ்மம் செய்யும்போது அரை கிராம் மாவை 5 மில்லிலிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக்கொண்டுதான் 100 மில்லிலிட்டர் கொதிநீரில் ஊற்ற வேண்டும். உலர்மாவை நேராகக் கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவு அப்படியே கட்டிதட்டும். கஞ்சி காய்ச்சுகிற எல்லாருக்கும் இது தெரியும்.

ஆனால் ஸ்டார்ச் கூழ்மம் என்றைக்கும் அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி வைத்த கஞ்சி காலையில் ஆடை கட்டிக் கெட்டியாகிறது அல்லவா? நேரான சங்கிலியான அமைலோஸ் ஆறும்போது ஒன்றோடொன்று வரிசையாகச் சேர்ந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. கவுனி அரிசி போன்ற பசை அரிசியில் அமைலோஸ் மிகக் குறைவு, கிளைவிட்ட அமைலோபெக்டின்தான் பெரும்பகுதி. கவுனி ஆறினாலும் விறைத்துப்போகாமல் குழைவாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். "மீளக்கூடிய கூழ்மம்" என்ற பாடநூல் வாக்கியம் பிசினுக்கும் ஜெலட்டினுக்கும் சரியாகப் பொருந்துகிறது. பழைய கஞ்சிக்கு அவ்வளவு பொருந்தாது.

இந்த இரண்டு வகையும் சேரும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விளக்குப்புகைக் கரியைத் தண்ணீரில் கலக்கினால் மிதக்கும் அல்லது அடியில் படியும். கருவேலம் பிசினைச் சேர்த்து அரைத்தால் மாதக்கணக்கில் நிற்கும் மை. பிசின், கரித்துகளின் மேல் போர்த்திக்கொண்டு தன் தண்ணீர் உறையைக் கரிக்குக் கடன் கொடுக்கிறது. இதைப் பாதுகாப்புக் கூழ்மம் என்கிறோம். அளக்க ஸிக்மோண்டி தங்க எண்ணை வகுத்தார்: 10 மில்லிலிட்டர் சிவப்புத் தங்கக் கூழ்மத்தில் 1 மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசலை விட்டாலும் நீலமாக மாறாமல் தடுக்க எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்ற கணக்கு. ஜெலட்டினுக்கு 0.005 முதல் 0.01, அரபிப் பிசினுக்கு 0.15 முதல் 0.25, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு 25 பக்கம். எண் குறைந்தால் காவல் வலிது.

ஆனால் அதே பொருளை மிகக் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிர்விளைவு நடக்கும். ஒரு நீளச் சங்கிலியின் ஒரு முனை ஒரு துகளிலும் மறுமுனை இன்னொரு துகளிலும் ஒட்டிப் பாலம் போட்டுவிடும். போர்த்தும் அளவுக்குப் போதாதபோது, கட்டிவைக்கும் கயிறாகிறது. தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிக் கலங்கல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இதில்தான் நிற்கிறது. அந்தக் கொட்டையில் நீளச் சங்கிலிச் சர்க்கரைகளும் புரதமும் இருக்கின்றன. அவை மண் துகள்களைக் கோத்து இறக்குகின்றன. அதிகம் உரசினால் தெளியாமல் பால்போல நிற்பதும் இதனால்தான், அப்போது பாலம் போய்ப் போர்வை வந்துவிடுகிறது. முருங்கை விதையின் வழி கொஞ்சம் வேறு: அதிலுள்ள புரதம் நேர்ச்சுமை உள்ளது, எதிர்ச்சுமை மண்ணைப் பிடித்து நடுநிலையாக்குகிறது. நல்ல கலங்கலுக்கு லிட்டருக்கு ஒரு விதை வரை தேவைப்படும். இரண்டு முறையிலும் தண்ணீரில் கொஞ்சம் கரிமப் பொருள் தங்கும், அதனால் அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

ஊரணிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்ட புதிர் ஒன்று இருக்கிறது: ஆய்வகத்து இரும்பு நேர்ச்சுமை, ஊரணியின் சிவப்பும் இரும்பால் வருவது, பிறகு நேர்ச்சுமை அலுமினியம் உள்ள படிகாரம் எப்படி அதைத் தெளிய வைக்கிறது? ஊரணியில் இரும்பு ஆக்சைடு தனியாக இல்லை. களிமண் தகட்டின் மேல் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் இலைதழை மட்கிய ஹியூமிக் பொருள் பூசியிருக்கிறது. களிமண், ஹியூமிக் பொருள் இரண்டும் எதிர்ச்சுமை உள்ளவை. மொத்தத்தில் துகள் எதிர்ச்சுமையாகிவிடுகிறது. மழைநீரில் அயனிகள் குறைவு, அயனி மேகம் அகலமாக விரிந்திருக்கிறது. இரண்டு மாதம் கலங்கி நிற்க இந்த இரண்டும் போதும். சரிபார்க்க வேண்டுமானால் ஒரு பாட்டிலில் பாதி ஊரணித் தண்ணீர், பாதி கடினமான போர் தண்ணீர். இன்னொன்றில் பாதி ஊரணித் தண்ணீர், பாதி மழைநீர். ராத்திரி வையுங்கள். போர் தண்ணீரின் கால்சியம் இரட்டை இணைதிறன் உள்ளது. முதல் பாட்டில் முந்தித் தெளிய வேண்டும்.

படிகாரத்துக்கு அளவு முக்கியம். குடத்துக்கு இவ்வளவு என்று உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்கும் வழி வீட்டிலேயே இருக்கிறது. 10 கிராம் படிகாரத்தைப் பொடித்து 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இதில் 1 மில்லிலிட்டரை 1 லிட்டர் கலங்கலில் விட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. ஒரு லிட்டர் பாட்டில்கள் ஐந்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் 1, 2, 3, 4, 6 மில்லிலிட்டர் விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு பதினைந்து நிமிடம் மெதுவாக, பிறகு அரை மணி அசையாமல் வைக்க வேண்டும். மெதுவாகக் கலக்குவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் சின்னத் திரள்கள் மோதிப் பெரிதாகின்றன, வேகமாக அடித்தால் உடைந்துபோகும். எந்தப் பாட்டில் நன்றாகத் தெளிந்ததோ அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிலிட்டர் என்றால் 15 லிட்டர் குடத்துக்கு 60 மில்லிலிட்டர். படிகாரத்தைக் கையில் பிடித்துக் குடத்துக்குள் சுழற்றும்போது அளவு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி விழும்.

இதில் கெடக்கூடியவை இரண்டு. ஊரணித் தண்ணீரில் காரத்தன்மை குறைவு. ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 0.3 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். தீர்ந்துபோனால் தண்ணீர் அமிலமாகும், அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோலத் திரளாது, அலுமினியம் கரைந்தே நிற்கும். நாக்கில் துவர்ப்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அப்போது படிகாரத்துக்கு முன்னால் தெளிந்த சுண்ணாம்பு நீர் லிட்டருக்கு 5 அல்லது 6 மில்லிலிட்டர் விட்டால் சரியாகும். 40 மில்லிகிராம் படிகாரத்துக்கு அது போதும். இரண்டாவது, அளவு மிஞ்சினால் துகளின் எதிர்ச்சுமை நடுநிலையைத் தாண்டி நேர்ச்சுமையாகிவிடும், மறுபடி ஒன்றையொன்று விலக்கும், தண்ணீர் மறுபடி கலங்கலாக நிற்கும். இன்னும் போட்டால் தெளியும் என்று போட்டுக்கொண்டே போகக் கூடாது.

எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்றும் சொல்லிவிட வேண்டும். துகளுக்கு எதிரான சுமையுள்ள அயனியின் இணைதிறன்தான் திரிதலை ஆள்கிறது என்பது உறுதி. வலிமை இணைதிறனின் ஆறாம் படிக்கு ஏற்ப மாறும் என்ற கணக்கு, பரப்பு மின்னழுத்தம் மிக உயரமாக உள்ளபோது மட்டுமே கண்டிப்பாகப் பொருந்தும். அது சொல்லும் விகிதம் இரட்டை இணைதிறனுக்கு 64, மும்மைக்கு 729. மேலே சொன்ன ஆர்சனிக் சல்ஃபைடு எண்களைப் போட்டுப் பார்த்தால் 78, 548. நெருக்கம்தான், ஆனால் துல்லியம் இல்லை. அலுமினியம் நடுநிலைத் தண்ணீரில் தனி அயனியாகவே நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜீட்டா மின்னழுத்தம் (துகளின் மின் விலக்கு எவ்வளவு என்று காட்டும் அளவீடு) 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நிலையானது என்பது தோராயமான கைக்கணக்கு, விதி அல்ல; பிசின் போர்த்திய துகள் 5 மில்லிவோல்ட்டிலும் நிற்கும். தங்க எண் அட்டவணைகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், தங்கத் துகளின் அளவைப் பொறுத்து மதிப்பு மாறுவதால். வரிசை மாறாது.

இன்னொன்று, பரீட்சைக்காக. ஃபெரிக் ஹைட்ராக்சைடு துகள் ஃபெரிக் அயனியைப் பரப்புக் கவர்ந்து நேர்ச்சுமை பெறுகிறது என்று பாடநூலில் இருக்கும். மகள் விடைத்தாளில் அதையே எழுதட்டும். ஆக்சைடு பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியை ஏற்றுச் சுமை பெறுகின்றன என்பதுதான் இன்று பரப்பு வேதியியலில் ஏற்கப்பட்ட விளக்கம். பி.எச். ஏற ஏறச் சுமை குறைந்து மறைவதை அது நேராக விளக்குகிறது, பழைய விளக்கம் அதைச் சொல்லத் தடுமாறும். பெயரும்கூட வசதிக்காக வைத்ததுதான். கொதிநீரில் பிறப்பது நீரேறிய இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடு, புத்தகத்தில் எழுதும் எளிய வாய்பாடு அல்ல.

குடத்துத் தண்ணீரைப் பற்றிக் கடைசியாக: படிகாரமோ தேத்தாங்கொட்டையோ மண்ணை இறக்கும், மண்ணோடு ஒட்டிய கிருமிகளில் ஒரு பங்கையும் இறக்கும், மற்றவற்றைக் கொல்லாது. மேல் தெளிவை அசைக்காமல் வடித்து எடுத்து, அடியில் நிற்கும் இரண்டு விரற்கடை மண்டியை விட்டுவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடிக்கலாம்.